விண்டோஸ் சேர்வர் 2025க்கு மாறுமுன் பழைய அனுமதிகளைப் பாருங்கள்

விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 ஒக்டோபர் 10ஆம் திகதியோடு முடிந்தது. புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி அலுவலகத்தில் இருந்த அப்படியொரு சேர்வரை 2025 பதிப்புக்குக் கொண்டுபோன வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு உதவும்.

2012 ஆர்2 ஓடும் டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள கணினிகள், பயனர் கணக்குகளின் தொகுதி) 2025 டொமைன் கொன்ட்ரோலரை (அந்தக் கணக்குகளைச் சரிபார்த்து உள்ளேவிடும் சேர்வர்) நேரே சேர்க்க முடியாது. டொமைன், டொமைன்களை உள்ளடக்கும் ஃபொரஸ்ட் இரண்டின் ஃபங்ஷனல் லெவலும் (எந்தப் பதிப்பின் வசதிகளோடு இயங்குகிறது என்ற நிலை) குறைந்தது 2016 ஆக இருக்கவேண்டும். ஆகவே சிஸ்வொல் (கொன்ட்ரோலர்கள் தமக்குள் பகிரும் கோப்புறை) பழைய எஃப்ஆர்எஸ் பிரதியெடுப்பு முறையில் இருந்தால் முதலில் அதைப் புதிய டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றி, நடுவில் ஒரு 2022 கொன்ட்ரோலரை ஏற்றி, 2012 ஆர்2 கொன்ட்ரோலரை விலக்கிவிட்டு, அதன்பிறகே லெவலை உயர்த்தலாம்.

அடுத்த கட்டத்தில்தான் எல்லோரும் நின்று பார்க்கவேண்டும். 2025 பதிப்பில் டிஎம்எஸ்ஏ என்ற புதுவகை சேவைக் கணக்கு (ஆளுக்கல்லாமல் மென்பொருள் சேவைகளுக்கான கணக்கு) வந்திருக்கிறது. பழைய சேவைக் கணக்கொன்றின் இடத்தை இது எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டை யாரும் கையால் மாற்றத் தேவையில்லை. நல்ல வசதி. ஆனால் 2025 மே மாதம் வெளிவந்த ஆய்வொன்று இதிலிருந்த ஓட்டையைக் காட்டியது. ஓர் ஓயூவுக்குள் (டொமைனில் கணக்குகளை வகுத்து வைக்கும் பிரிவு) இந்தக் கணக்கை உருவாக்க முடிந்த எவரும், அது டொமைன் அட்மினின் வாரிசு என்று குறித்துவிட்டால் அட்மினின் உரிமைகள் அத்தனையும் கிடைத்துவிடும். அதற்கு டொமைனில் ஒரேயொரு 2025 கொன்ட்ரோலர் இருந்தாலே போதும். ஓகஸ்ட் 2025 அப்டேட்டில் இது அடைக்கப்பட்டது. அந்த அப்டேட்டைப் போடாமல் 2025 சேர்வரை கொன்ட்ரோலராக்க வேண்டாம்.

அப்டேட் போட்டாலும் மூலகாரணம் அப்படியே கிடக்கும். புதிய ஊழியர்களுக்குக் கணக்குத் திறக்கவென்று, ஹெல்ப்டெஸ்க் குழுவுக்கு ஓயூவில் "எல்லாச் சைல்ட் ஒப்ஜெக்டுகளையும் உருவாக்கலாம்" (உள்ளே எந்த வகைக் கணக்கையும் குழுவையும் உருவாக்கலாம்) என்ற அனுமதி எப்போதோ கொடுக்கப்பட்டிருக்கும். அந்த "எல்லாம்" என்பதற்குள் அன்று இருந்த வகைகள் மட்டுமல்ல, ஸ்கீமாவில் (ஒப்ஜெக்ட் வகைகளின் வரையறைப் பட்டியல்) இனிமேல் சேரப்போகும் வகைகளும் அடங்கும். எனவே ஒவ்வோர் ஓயூவின் செக்கியூரிட்டி பக்கத்தையும் திறந்து, அதை "யூசர் ஒப்ஜெக்டுகளை மட்டும் உருவாக்கலாம்" என்று சுருக்கினோம். அலுப்பான வேலைதான்; ஆனால் முழு மாற்றத்திலும் இதுவே பெறுமதியானது. புதிதாக எதையும் உருவாக்குவதைப் பதியும் ஓடிட்டிங்கை இயக்கிவிட்டால், ஒவ்வொரு தடவையும் 5137 என்ற இவென்ட் பதிவாகும்.

இனிக் கோப்புகள். ஷேர் அனுமதி (வலையமைப்பில் பகிரும்போது கொடுப்பது), என்டிஎஃப்எஸ் அனுமதி (வட்டிலுள்ள கோப்புக்கே கொடுப்பது) இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லுபடியாகும். ஷேரில் பொதுவாகக் கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பதே நிர்வகிக்க இலகு. திணைக்களக் குழுக்களுக்கு "மொடிஃபை" போதும். "ஃபுல் கொன்ட்ரோல்" கொடுத்தால் அனுமதிகளையே அவர்கள் மாற்றலாம். தனியாள் பெயருக்கு அனுமதி கொடுக்கவே கூடாது: அவர் விலகிக் கணக்கு அழிந்த பின், எஸ்-1-5-21 என்று தொடங்கும் அநாதை இலக்கம்தான் மிஞ்சும்.

பிரதியெடுக்க ரோபோகாப்பி என்ற விண்டோஸ் கட்டளை. "காப்பிஆல்" சுவிட்ச் இல்லாவிட்டால் அனுமதிகள் கூட வராது. ஒரு கோப்பு பூட்டிக்கிடந்தால் ரோபோகாப்பி இயல்பாகப் பத்து இலட்சம் தடவை, 30 செக்கன் இடைவெளியில் முயன்றுகொண்டே இருக்கும். ஆகவே தடவையைக் குறிக்கும் ஆர், இடைவெளியைக் குறிக்கும் டபிள்யூ இரண்டையும் 1 என்று வையுங்கள். தமிழ், சிங்களப் பெயருள்ள கோப்புகள் இங்கே ஏராளம். சாதாரண லொக்கில் அவை கேள்விக்குறிகளாக விழும் என்பதால், யூனிகோடில் லொக் எழுதும் "யூனிலொக்" பாவியுங்கள். முதல் சுற்றை வேலைநாளில் ஓடவிட்டு, மாறியவற்றை மட்டும் போயா விடுமுறையில் எடுத்தோம்.

இரண்டு இடங்களில் அனுமதி வழுக்கும். பழைய சேர்வரின் லோக்கல் குழுக்களுக்குக் கொடுத்தவை புதிய சேர்வரில் பொருளற்றுப் போகும். அவற்றை முன்கூட்டியே டொமைன் குழுக்களுக்கு மாற்றவேண்டும். மற்றது, ஒரே வொலியூமுக்குள் கோப்புறையை இழுத்துப்போட்டால் அது பழைய அனுமதியோடே போகும். சம்பளப் பட்டியலும் ஊழியர் சேமலாப நிதிக் கோப்புகளும் பொதுக் கோப்புறையிலிருந்து வந்திருந்தால், எல்லோரும் தொடர்ந்து திறக்கலாம். அனுமதிகளை மாற்றும் ஐகாக்ல்ஸ் கட்டளையின் "ரீசெட்" இதைச் சரிசெய்யும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதைக் கவனிக்காமல் விடமுடியாது.

2025 சேர்வர், தான் தொடங்கும் எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு) தொடர்புகள் அனைத்துக்கும் சைனிங், அதாவது தரவு வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான கையொப்பம், கேட்கும். பழைய என்ஏஎஸ் பெட்டிக்கு (வலையமைப்பில் இணைந்த சேமிப்புச் சாதனம்) பேக்கப் போகாமல் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சேர்வரில் சைனிங்கை நிறுத்தாமல், என்ஏஎஸ்ஸின் ஃபர்ம்வெயரைப் புதுப்பித்து அங்கே சைனிங்கை இயக்குங்கள். கெஸ்ட் கணக்கால் சைன் செய்யமுடியாது. பேக்கப்புக்கென்று தனிக் கணக்கு வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு திணைக்களத்திலும் ஒருவருடைய பெயரை "எஃபெக்டிவ் அக்ஸஸ்" பக்கத்தில் போட்டுச் சரிபார்த்தோம். குழு மாற்றியவர்கள் லொக் ஓஃப் செய்து மீண்டும் நுழையும்வரை பழைய உரிமையே இருக்கும். திங்கள் காலை வரும் முறைப்பாடுகளில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.