அக்குளில் ஒரு சதுரத் துண்டு: தையல் மெஷினோடு ஏழு மாதம்

தை மாதக் கடைசியில் ஆயாவின் தையல் மெஷின் குடியாத்தத்திலிருந்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குட்டியானை வண்டியில், இரண்டு பக்கமும் தலையணை கட்டி, நானும் பின்னாலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தேன். ஆயா போய் ஆறு வருடம் ஆகிறது. மாமா வீட்டு வராந்தாவில் அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தார்கள். பேப்பரோடு அதையும் எடைக்குப் போட்டுவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். தைக்கத் தெரியுமா என்றால் அப்போது பட்டன் வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது ஆவணி. ஏழு மாதத்தில் என்ன செய்தேன், என்ன கெடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

அது மிதி மெஷின். மோட்டார் மாட்டிக்கொள்ளலாமே என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். அக்னி நட்சத்திரத்தில் மதியம் கரண்ட் போனால் இந்த ஊரில் ஃபேனும் இல்லை, மெஷினும் இல்லை என்று ஆகிவிடும், ஒன்றாவது ஓடட்டும். முதல் வாரம் நூலே கோக்கவில்லை. மகளின் கோடு போட்ட நோட்டிலிருந்து தாள் கிழித்து, கோட்டின் மேலேயே ஊசி இறங்குகிறதா என்று பழகினேன். மிதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரம் எப்போதும் நம்மைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். கால் கொஞ்சம் தடுமாறினால் அது எதிர்ப்பக்கம் ஓடி நூலை முடிச்சாக்கிவிடும். அதனால் முதலில் வலது கையால் சக்கரத்தை நம் பக்கமாக ஒரு தள்ளு, பிறகுதான் கால். இது உடம்பில் ஏறப் பத்து நாள் ஆனது.

தோல் பெல்ட் தொய்ந்திருந்தது. அரை இன்ச் வெட்டி மறுபடி கிளிப் போட்டால் சரியாகும் என்றார்கள், வெட்டினேன், பிய்ந்துவிட்டது. புதுசு வாங்கப் போனால் கடைக்காரர் பிளாஸ்டிக் பெல்ட்டை நீட்டுகிறார். இந்தப் பக்கம் ராணிப்பேட்டை, அந்தப் பக்கம் ஆம்பூர், இரண்டுமே தோல் தொழில் ஊர்கள், நடுவில் உட்கார்ந்துகொண்டு தோல் பெல்ட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன்.

நூல் கோத்த பிறகுதான் உண்மையான தொல்லை. மேலே தையல் அழகாகத் தெரியும், துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடக்கும். கோளாறு அடியில் தெரிவதால் கோளாறும் அடியில்தான் என்று நினைத்து, அடி நூல் உருளை உட்காருகிற பாபின் கேஸை நாலு தடவை கழற்றி, அதில் இருக்கிற குட்டித் திருகை இப்படியும் அப்படியும் திருகினேன். லாங்கு பஜார் பக்கத்துச் சந்தில் மெஷின் ரிப்பேர் செய்யும் பெரியவர் பையிலிருந்த துணியைப் பார்த்த உடனே, "கீழ சிக்குனா மேல பாரும்மா" என்றார். நான் துணியை அழுத்திப் பிடிக்கிற கால்கட்டையை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருக்கிறேன். கட்டை இறங்கியிருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு தட்டுகளும் மூடிக்கொள்ளும்; நூல் உள்ளே போகாமல் வெளியிலேயே தொங்கும். மேல் நூலுக்குப் பிடி இல்லாவிட்டால் அது அடியில்தான் போய்க் குவியும். கட்டையைத் தூக்கி, கோத்து, இறக்கினேன். சரியாகிவிட்டது. பெரியவர் காசு வாங்கவில்லை. திருகி வைத்த பாபின் கேஸை மட்டும் தானே சரிசெய்து கொடுத்தார்.

மாசி, பங்குனி முழுக்கப் பைகளும் தலையணை உறைகளும். நைந்த லுங்கிகளை வெட்டி மார்க்கெட் பைகள் ஆறு. அதில் சொல்ல ஒன்றும் இல்லை, கைப்பிடி சேருகிற இடத்தில் நாலைந்து மடிப்பு வரும், அங்கே 14-ஆம் நம்பர் ஊசி உடையும், அதைவிடத் தடித்த 16 போட வேண்டும் என்பதைத் தவிர.

சித்திரையில் எனக்கு உள்பாவாடை. ஆறு துண்டு சேர்த்துத் தைப்பது, பாப்ளின் துணி, நாடா கோர்ப்பது. 38 இன்ச் நீளத்துக்குக் கச்சிதமாக வந்தது. தெருவில் நாலு பேரிடம் காட்டினேன். ஒரு துவையலுக்குப் பிறகு ஒன்றரை இன்ச்சைக் காணவில்லை. காட்டன் துணியை வெட்டுவதற்கு முன் ராத்திரி தண்ணீரில் போட்டு, பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும் என்பது தைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவளுக்கு யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு சாதாரண விஷயம். இப்போது எங்கள் வீட்டில் புதுத்துணி வந்தால் முதலில் பக்கெட்டுக்குள்தான் போகிறது.

மகளின் ஃபிராக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. துணியை இரண்டாக மடித்து வெட்டும்போது கழுத்து அகலத்தில் பாதிதான் குறிக்க வேண்டும். நான் முழுசையும் குறித்துவிட்டேன். மடிப்பைப் பிரித்தால் கழுத்து வழியாகக் குழந்தையே வெளியே வரலாம். அப்புறம் முன்பக்கம் கழுத்தைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருக்கி, ஓரத்துக்குப் பட்டி வைத்தேன். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அதையும் பிரித்து, துணியில் மூலைவாட்டில் குறுக்காக வெட்டிய கிராஸ் பட்டி வைத்த பிறகு படிந்தது. குறுக்கே வெட்டினால் துணி இழுத்த இழுப்புக்கு வரும். அந்த ஒரு பாடத்துக்காக அந்த ஃபிராக்கை மன்னித்தேன். மகளுக்கு அந்தச் சுருக்கம்தான் பிடித்திருக்கிறதாம்.

இனி அத்தையின் பிளவுஸ். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் மாமியாருக்கு 72 வயது. போன வருடம் பாத்ரூமில் விழுந்து வலது தோள்பட்டை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தோள் உயரத்துக்கு மேல் ஏறாது. பிளவுஸ் போடுவது தினமும் காலையில் ஒரு போராட்டம். வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்படிச் செய்தும் அக்குளில் துணி பிடித்துக்கொள்ளும். நைட்டி போடச் சொன்னோம். "நாலு பேரு வர்ற வீட்ல நான் இன்னா நோயாளியா" என்று கேட்டுவிட்டார்.

முதலில் எனக்குத் தோன்றியது வலது தோளைத் திறந்துவிட்டு டிச் பட்டன் வைப்பது. அத்தை கண்ணாடி முன் நின்று யோசித்துவிட்டு, "முந்தானை இடது தோளை மூடும். வலது தோள் ஊருக்கே தெரியுமே" என்றார். நியாயம்தான். ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ? "பர்ருனு சத்தம் வரும், வேணாம்."

சரி என்று அவருடைய பழைய பிளவுஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி முழுசாகப் பிரித்தேன். பிளேடு முனையால் நாலு தையலுக்கு ஒன்று அறுத்து, நூலை இழுத்து, ஒரு ராத்திரி பூரா. தைத்ததைவிட இந்தப் பிரித்தலில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். எந்தத் தையல் கடைசியாகப் போட்டதோ அது முதலில் பிரியும்; ஆக, பிரித்துக்கொண்டே போனால் தைத்த வரிசை தலைகீழாகக் கைக்கு வந்துவிடுகிறது. துண்டுகளை இஸ்திரி போட்டு, பேப்பர்மேல் வைத்து வரைந்து வெட்டினேன். பக்கவாட்டில் மூன்று தையல் கோடுகள், ஒவ்வொன்றும் அத்தையின் ஒரு காலம்.

கையைத் தூக்கினால் பிளவுஸே மேலே ஏறுகிறது, ஏனென்றால் அக்குளில் கையும் உடம்பும் ஒரே புள்ளியில் இறுகிச் சேருகின்றன. அந்தப் புள்ளியைத் திறந்துவிட்டு நடுவில் ஒரு சதுரத் துண்டு வைத்தால் கைக்கு இடம் கிடைக்கும். பழைய ஜிப்பாக்களில் இதைப் பார்க்கலாம்; வீட்டுக்காரருடைய தாத்தாவின் கதர் ஜிப்பா ஒன்று பெட்டியில் இருந்தது, அதைத் திருப்பிப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. மூன்றரை இன்ச் சதுரம், நாலு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச். அக்குளிலிருந்து பக்கத் தையலைக் கீழே மூன்று இன்ச், பிளவுஸ் கையின் அடித் தையலை அந்தப்பக்கம் மூன்று இன்ச் தைக்காமல் விட வேண்டும். சதுரத்தின் இரண்டு ஓரம் உடம்போடு சேரும், இரண்டு ஓரம் கையோடு. அது வைர வடிவில் உட்காருவதால் துணியின் குறுக்குவாட்டு இழுவை அக்குளுக்குக் கிடைக்கிறது. ஃபிராக் சொல்லிக்கொடுத்த அதே பாடம்.

கேட்பதற்குச் சுலபம். பழைய பெட்ஷீட்டில் வெள்ளோட்டம் பார்த்தேன், நாலு மூலையும் எலி கடித்த மாதிரி சுருங்கிக்கொண்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பென்சிலால் ஒவ்வொரு மூலையிலும் ஓரத்துக்குக் கால் இன்ச் முன்னாலேயே ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். ஊசி அந்தப் புள்ளியில் இறங்கியதும் நிறுத்தம். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், கால் கூடாது. ஊசி துணிக்குள் நிற்கும்போதே கட்டையைத் தூக்கி, துணியைத் திருப்பி, கட்டையை இறக்கி, அடுத்த ஓரம். புள்ளியைத் தாண்டி ஒரு தையல் விழுந்தாலும் மூலை சுருங்கும். பாதி ராத்திரியில் மெஷின் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பெட்ஷீட் பிளவுஸை நானே போட்டு, கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அசல் பிளவுஸ் சாம்பல் நிறக் காட்டன், லைனிங் இல்லாமல். வேலூர் வெயிலுக்கு லைனிங் எதற்கு? கொக்கிகள் முன்பக்கமே, கொஞ்சம் பெரிய சைஸ். கைச் சுற்றளவில் ஒரு இன்ச் கூட விட்டேன். ஆடிக் கிருத்திகையன்று காலையில் அத்தை கதவைச் சாத்திக்கொண்டார். வழக்கமாக உள்ளே இருந்து என்னைக் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. சேலையும் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். இடது பக்கம் டாட், அதாவது உடம்புக்குப் படியப் பிடிக்கிற மடிப்புத் தையல், ஒன்று சற்று மேலே ஏறிவிட்டது, கழுத்துப் பட்டி பின்னால் ஒரு இடத்தில் நெளிகிறது. இரண்டையும் அவரே சுட்டிக்காட்டினார்.

இதற்கு நடுவில் வீட்டுக்காரரின் சட்டை இரண்டுக்கு நைந்த காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டேன், உள்பக்கம் புதுசாக இருந்ததால் இன்னும் ஒரு வருடம் ஓடும். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க இன்னும் வரவில்லை. கையால் எடுத்த ஒன்று பூரான் மாதிரி இருக்கிறது.

போன வாரம் ஆற்காட்டிலிருந்து அத்தையின் தங்கை வந்திருந்தார். அவருக்குத் தோளில் ஒரு குறையும் இல்லை, இரண்டு கையும் கூரையைத் தொடும். அத்தை பிளவுஸைத் திருப்பி அக்குள் துண்டைக் காட்டியிருக்கிறார் போல. கிளம்பும்போது அந்தச் சித்தி மஞ்சப்பையிலிருந்து அளவு பிளவுஸ் ஒன்றும், மூன்று துணியும் எடுத்து மெஷின்மேல் வைத்தார். "எனக்கும் அந்தத் துண்டு வெச்சே தெச்சிடும்மா. துணிய நான் ஊற வெச்சே எடுத்துட்டு வந்துட்டேன்."