தி ஸ்ட்ரேஞ்சர்: பில்லி ஜோயலும் அவர் விட்டுக்கொடுக்காத குழுவும்

அமெரிக்கப் பாடகரும் பியானோ கலைஞருமான பில்லி ஜோயலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' 1977 செப்டம்பரில் வெளிவந்தது. அது அவருடைய ஐந்தாவது ஆல்பம். அதற்கு முந்தைய ஆண்டு அவரே தயாரித்த 'டர்ன்ஸ்டைல்ஸ்' நல்ல பாடல்கள் இருந்தும் விலைபோகவில்லை. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அவருக்கு இன்னொரு தோல்வியைத் தாங்கும் நிலை இல்லை. அந்த நெருக்கடியிலும், பீட்டில்ஸின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் முன்வந்தபோது ஜோயல் மறுத்துவிட்டார். காரணம் ஒன்றுதான்: மார்ட்டின் தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துப் பதிவுசெய்ய விரும்பினார், ஜோயலோ தம்முடன் ஊர் ஊராக வாசித்துவந்த டிரம்ஸ் கலைஞர் லிபர்ட்டி டிவிட்டோ, பாஸ் கிட்டாரிஸ்ட் டக் ஸ்டெக்மேயர், சாக்ஸபோன் கலைஞர் ரிச்சி கனாட்டா ஆகியோரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். அந்தப் பிடிவாதம்தான் இந்த ஆல்பத்தின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர்களை அவர்கள் இயல்பிலேயே வாசிக்கவிட்டவர் ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஃபில் ரமோன். நியூயார்க்கில் ஏ அண்ட் ஆர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்த அந்த வேலையில், எதைச் சேர்க்காமல் விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலைப்புப் பாடலின் தொடக்க மெட்டை ஜோயல் விசிலடித்துக் காட்டி, இதற்கு எந்த வாத்தியம் பொருந்தும் என்று கேட்டாராம். அந்த விசிலே போதும் என்றார் ரமோன். தனிப் பியானோவின் மேல் அந்த விசில் தயங்கித் தயங்கி நகர்ந்துகொண்டிருக்கையில், சட்டென்று கிட்டாரும் டிரம்ஸும் உள்ளே புகுந்து பாட்டின் முகத்தையே மாற்றிவிடுகின்றன. பாட்டு முடியும்போது திரும்பும் அதே விசில், ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்குப் பின்னும் ஒருமுறை ஒலிக்கிறது.

'ஜஸ்ட் தி வே யூ ஆர்' பாடலை ஜோயல் தம் மனைவி எலிசபெத்துக்குப் பிறந்தநாள் பரிசாக எழுதினார். ஆனால் ஜோயலுக்கும் குழுவினருக்கும் அதில் பிடிப்பில்லை. ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்றே நினைத்தார்கள். கூடத்துக்கு வந்திருந்த பாடகிகள் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஃபீபி ஸ்னோவும் கேட்டு வியந்து வற்புறுத்தியதால் அது தப்பியது. ஜாஸ் கலைஞர் ஃபில் வுட்ஸின் ஆல்டோ சாக்ஸபோன் அதற்கு ஒரு கனிவைத் தந்தது. அந்தப் பாட்டே கிராமி விருதுகளை வாங்கிக் கொடுத்து, ஜோயலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

ஆயினும் எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் 'சீன்ஸ் ஃப்ரம் அன் இட்டாலியன் ரெஸ்டாரன்ட்' தான். தனித்தனியாக எழுதிய மூன்று துண்டுகளை இணைத்த ஏழரை நிமிடப் பாட்டு அது. பீட்டில்ஸின் 'ஏபி ரோட்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் பாதிப்பு என்று ஜோயலே சொல்லியிருக்கிறார். பழைய நண்பர்கள் ஒயினுடன் அமர்ந்து பேசத் தொடங்குகையில் பியானோவும் அக்கார்டியனும் நிதானமாக நடக்கின்றன. பிறகு இளமைக்கால நினைவில் தாளம் துள்ளுகிறது. பிரெண்டா, எடி என்ற இருவரின் கல்யாணமும் முறிவும் வரும் பகுதியில் பியானோ மூச்சுவிடாமல் ஓடுகிறது. வாரக்கணக்கில் சேர்ந்து வாசித்துப் பழகாத கைகளால் அந்தத் திருப்பங்களை இவ்வளவு இயல்பாகக் கடந்திருக்க முடியாது. மார்ட்டினுக்குச் சொன்ன மறுப்பின் நியாயம் இங்கேதான் காதில் விழுகிறது.

அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் ஆல்பம் இரண்டாம் இடம்வரை சென்றது. முதலிடத்தை 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்பட இசை ஆல்பம் விடவில்லை. அமெரிக்காவில் மட்டும் விற்பனை ஒரு கோடியைக் கடந்தது. அடுத்த ஆண்டே அதே ரமோன், அதே குழுவினருடன் 'ஃபிஃப்டி செகண்ட் ஸ்ட்ரீட்' ஆல்பம் வந்தது.

காலம் மெல்ல உயர்த்தியது 'தி ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தின் 'வியன்னா' பாடலைத்தான். ஜோயலின் சிறுவயதிலேயே குடும்பத்தைப் பிரிந்த தந்தை அந்நகரில் வாழ்ந்தார். அவரைக் காணச் சென்ற இடத்தில் முதிய பெண்ணொருத்தி தெருவைப் பெருக்குவதைக் கண்டு ஜோயல் இரங்க, அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, ஊருக்குப் பயன்படுகிறாள் என்றாராம் தந்தை. முதுமையை அஞ்சாமல் நிதானமாக வாழச் சொல்லும் அந்தப் பாட்டு அன்று தனித்துக் கவனிக்கப்படவில்லை. பின்னாளில் மேடையில் 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' வேண்டுமா, 'வியன்னா' வேண்டுமா என்று ஜோயல் கேட்கையில், கூட்டம் பெரும்பாலும் 'வியன்னா'வுக்கே குரல் கொடுத்தது.