கூழ் குடித்தால் ஏறாதாம்!

கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று வேலூர் சத்துவாச்சாரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் நம்பி ஒரு மாதமாகக் காலையில் பெரிய சொம்பு நிறையக் குடித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 238! நாலு இட்லிக்கே 210தான் வந்தது. நைசாக அரைத்துக் கரைத்த மாவு சட்டென்று செரித்து ரத்தத்தில் ஏறிவிடுகிறது, கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதானே. இன்றைக்கு இரண்டு பச்சைப்பயறு அடை, கூடவே முள்ளு கத்திரிக்காய் கொத்சு. 156. பயறில் இருக்கிற புரதமும் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்குகின்றன, அவ்வளவுதான் விஷயம். டாக்டர் எனக்குச் சொன்ன கணக்கு 180க்குள். அம்மாவுக்குத்தான் கோபம், "ஆடி மாசத்துல கூழு வேணாங்கறியேடா" என்று.