நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஏஜென்சி வழியே

ஆட்குறைப்பில் வேலையை இழந்து மூன்று மாதங்கள் கடந்தும் இரண்டே நேர்காணல்களுக்குத்தான் அழைப்பு வந்திருந்தது. கையிருப்பு கரைந்துகொண்டே போனதால், தற்காலிகப் பணியாளர்களை அனுப்பும் ஏஜென்சிகளை நாடினேன். முதலில் சென்ற இடத்தில் பதிவுக் கட்டணம் கேட்டார்கள். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் நிறைவேற்றிய 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி என்பதை அறிந்திருந்ததால், மறுத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆளைக் கேட்கும் நிறுவனம் தரும் தொகையில் நம் கூலியும் பிடித்தங்களும் போக எஞ்சுவதுதான் ஏஜென்சியின் வருமானம்.

பிறகு வேறு இரண்டு ஏஜென்சிகளில் பதிவு செய்தேன். அங்கேதான் அடி விழுந்தது. இரண்டுமே என்னிடம் சொல்லாமல் ஒரே நிறுவனத்துக்கு என் சுயவிவரத்தை அனுப்பிவிட்டன; தரகுத் தொகை யாருக்குச் சேரும் என்ற தகராறுக்கு அஞ்சி அந்த நிறுவனம் என்னையே ஒதுக்கிவிட்டது. தகுதி இருந்தும் நழுவிய அந்த வாய்ப்பை நினைத்துப் பல நாள் வருந்தினேன். அன்று முதல் எந்த ஏஜென்சி, எந்த நிறுவனத்துக்கு, என்றைக்கு அனுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். என்னைக் கேட்காமல் எங்கும் அனுப்ப வேண்டாம் என்று எழுத்திலும் தெரிவித்தேன்.

அடுத்து, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தேங்கிக் கிடந்த பில்களைச் சரிபார்க்கும் ஆறு வார வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை, வேலை செய்த நேரத்தைக் குறிக்கும் டைம் ஷீட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்திட்டால்தான் மறுவாரம் கூலி வரும். ஒருமுறை அவர் மதியமே கிளம்பிவிட்டதால் என் கூலி ஒரு வாரம் தள்ளிப்போனது. அதன்பின் வியாழக்கிழமையே தாளை அவர் மேசையில் வைத்து நினைவூட்டிவிடுவேன். நேர்காணலுக்குப் போக வேண்டிய நாட்களை ஏஜென்சியிடம் முன்கூட்டியே சொன்னேன். ஒருமுறைகூட அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

பில்கள் முடிந்த பிறகும் வேலை நீண்டது. நான்காம் மாதம், பிரிவின் மேலாளர் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். ஆனால் ஏஜென்சி அனுப்பிய ஆளை ஆறு மாதங்களுக்குள் நேரடியாக எடுத்தால் நிறுவனம் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தது. பதிவு செய்த நாளில் இதைப் பற்றி நான் கேட்டிருக்கவே இல்லை. ஏஜென்சியிலிருந்து விலகிச் சிறிது காலம் கழித்து நேரடியாக விண்ணப்பிக்கலாமே என்று உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். கஷ்டத்தில் கைகொடுத்தவர்களை அப்படி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. மேலாளரிடம் பேசி, மீதி இரண்டு மாதங்களையும் ஏஜென்சி வழியாகவே முடித்துவிட்டுப் பணி ஆணையைப் பெற்றேன்.

அந்த ஆறு மாதங்கள் என் பணிக்காலக் கணக்கில் சேரவில்லை. விடுப்பும் ஊதிய உயர்வும் ஆணையின் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன.