பசிக்காத வயிறும் புரோக்கோலி சூப்பும்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் எனக்குப் பெங்களூரில் நல்லபடியாக முடிந்தது. சிக்கல் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய பிறகுதான். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த டயட் ஷீட்டில் புரோக்கோலி சூப், அவகாடோ, கிரீக் யோகர்ட். களி தின்னும் வீட்டுக்கு இது எதற்கு? போன் செய்தால் "மெயில் போடுங்க" என்றார்கள். போட்டால் அதே ஷீட் திரும்பி வந்தது. நேரில் போனால் டயட்டீஷியன் லீவாம். அதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இதற்கிடையில் பசி சுத்தமாக நின்றுவிட்டது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுக்கும்போது அந்த இடமும் சேர்ந்து போய்விடுகிறது. "பசிக்கலைன்னா நல்லதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. நல்லதுதான், தலை சுற்றிச் சுவரைப் பிடிக்கும் வரை. புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும். வயிறு கேட்காது, கடிகாரம்தான் கேட்கும். செல்போனில் அலாரம் வைத்துத்தான் சாப்பிட்டேன். தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டும் என்பதால் பாசிப்பருப்புத் தண்ணீர், மோர், புரோட்டீன் பவுடர் என்று ஓடியது. மென்று தின்னும் கட்டம் வந்ததும் முட்டை வெள்ளைக்கரு.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "ஒரே ஒரு உருண்டை முழுங்கு சாமி, ஒண்ணும் ஆகாது" என்று களியோடு வந்தார். நம் ஊரில் களியை யார் மெல்கிறார்கள்? சின்ன வயிற்றில் மெல்லாமல் இறக்கினால் நெஞ்சில் அடைக்கும். நல்லவேளை, மறுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

வயிறு நிறைந்ததும் நமக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். எனக்கு முதலில் விக்கல், அப்புறம் மூக்கு ஒழுகும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் வாந்திதான். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி கழித்துத்தான்.

கடைசியில் சேலத்தில் ஒரு டயட்டீஷியன் கிடைத்தார். அந்த ஷீட்டின் பின்பக்கத்திலேயே கொள்ளு ரசம், பருப்புக் கடைசல், மீன் என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க விடக்கூடாது என்று கறாராகச் சொன்னவரும் அவர்தான்.

ஒரு வருடம் ஆகும்போது பசி மெல்ல எட்டிப் பார்த்தது. பயந்துபோய்க் கேட்டேன். பலருக்கும் இப்படித்தானாம். அது மாம்பழ சீசன் வேறு. செந்தூராவை இரண்டு துண்டு மென்று தின்னலாம். ஜூஸாக மட்டும் குடிக்காதீர்கள், வயிறு நிறைந்ததே தெரியாமல் சர்க்கரை மொத்தமும் உள்ளே போய்விடும்.