மெய்நிகர் வன்தட்டிலிருந்து விண்டோஸை இயக்கிய அனுபவம்

அன்றாட வேலைக்குப் பயன்படும் ஒரே கணினியில் புதிய விண்டோஸ் பதிப்பையும் அதற்குரிய கிராஃபிக்ஸ் டிரைவரையும் (கிராஃபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருள்) சோதிக்க வேண்டியிருந்தது. வன்தட்டைக் கூறுபோட்டு இரண்டாவது விண்டோஸ் நிறுவ எனக்கு மனம் ஒப்பவில்லை. மெய்நிகர் இயந்திரமோ (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) வழக்கமாகப் போலியான கிராஃபிக்ஸ் அட்டையையே காட்டும் என்பதால், டிரைவர் சோதனைக்கு அது உதவாது. எனவே விண்டோஸ் 7 முதல் இருந்துவரும் விஎச்டி பூட் வசதியைத் தேர்ந்தெடுத்தேன். விஎச்டி என்பது வன்தட்டுபோல் செயல்படும் ஒரு கோப்பு; அதிலிருந்தே கணினியைத் தொடக்குவதுதான் விஎச்டி பூட். இதில் வட்டு மட்டுமே மெய்நிகர். செயலி, நினைவகம், கிராஃபிக்ஸ் அட்டை எல்லாம் உண்மையானவை.

விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கட்டளையான டிஸ்க்பார்ட்டில், 60 ஜிபி உச்ச அளவுள்ள, தேவைக்கேற்ப விரிவடையும் விஎச்டிஎக்ஸ் (விஎச்டியின் புதிய வடிவம்) கோப்பை உருவாக்கி இணைத்து ஃபார்மட் செய்தேன். நிறுவல் வட்டிலுள்ள விண்டோஸ் படிமத்தை டிஸம் கட்டளையால் அதில் விரித்து, பிசிடிபூட் கட்டளை மூலம், கணினி தொடங்கும்போது எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் சேர்த்ததும் வேலை முடிந்தது.

இடக் கணக்கில்தான் கவனம் வேண்டும். விரிவடையும் வகைக் கோப்பு சில ஜிபி மட்டுமே பிடித்திருந்தாலும், பூட் ஆகும்போது அது தன் உச்ச அளவுக்கு வளரும். அதற்குரிய காலியிடம் இல்லாவிட்டால் நீலத்திரைதான் வரும். பேஜ்ஃபைலும் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) அந்தக் கோப்புக்கு வெளியே, மூல வட்டில்தான், அதாவது உண்மையான வன்தட்டில்தான் உருவாகும். விஎச்டிஎக்ஸ் கோப்பு இருக்கும் பகிர்வு (வன்தட்டின் பகுதி) விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. ஸ்லீப் இயங்கும், நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் இயங்காது.

இந்த முறையின் உண்மையான அருமை வேறுபாட்டு வட்டில் இருக்கிறது. சுத்தமாக நிறுவிய விண்டோஸைத் தாய்க் கோப்பாக வைத்து, அதே பகிர்வில் அதைச் சார்ந்த ஒரு சேய்க் கோப்பை உருவாக்கி அதிலிருந்து பூட் செய்தால், செய்யும் மாற்றமெல்லாம் சேய்க் கோப்பில் மட்டுமே பதியும். டிரைவர் சரிவராதபோது பழைய விண்டோஸுக்குத் திரும்பி, சேய்க் கோப்பை அழித்து அதே பெயரில் புதிதாக உருவாக்கினேன். பட்டியலைத் தொடவே தேவையில்லை. தாய்க் கோப்பை மட்டும் இடையில் மாற்றிவிடக் கூடாது, மாற்றினால் சேய் பயனற்றுப் போகும்.

இதைப் பாதுகாப்பு அரணாகக் கருதுவோரும் உண்டு, அது தவறு. உள்ளே இயங்கும் விண்டோஸுக்கு மூல வட்டும் ஒரு டிரைவாகத் தெரியும் என்பதால், நச்சுநிரலைச் சோதிக்க மெய்நிகர் இயந்திரமே தகும். டிரைவர், புதிய பதிப்பு, முழு வேகம் கேட்கும் மென்பொருள் ஆகியவற்றைச் சோதிக்க நான் இந்த முறையையே நாடுவேன்.