61ஆவது யூனிட்டின் விலை

இலங்கையில் வீட்டுப் பாவனைக்கான கரண்டில் ஒரே ஒரு யூனிட் 290 ரூபாய் 50 சதத்துக்குப் போன காலம் உண்டு. 2022 ஆகஸ்ட் உயர்வுக்கு முந்தைய கட்டணம் அது. மாதம் 60 யூனிட் எரித்தால் முதல் 30க்கு 2.50 வீதம், அடுத்த 30க்கு 4.85 வீதம், நிலையான கட்டணம் 60 ரூபாய், ஆக 280.50. ஒரு யூனிட் கூடிவிட்டால் பழைய 60க்கும் சேர்த்து 7.85 வீதம் விழும், 61ஆவதுக்கு 10 ரூபாய், நிலையான கட்டணம் 90. பில் 571.

2023 பெப்ரவரிக் கட்டணத்தில் அதே ஒரு யூனிட் பில்லை 2,560இலிருந்து 3,212 ஆக்கியது. அதற்குப் பிறகு விலை பலமுறை ஏறி இறங்கிவிட்டது; 60 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. பில் நாள் கணக்கில் போடப்படுவதால் கோடும் சற்று நகரும்: 35 நாள் கழித்து மீட்டர் பார்த்தால் எல்லை 70 யூனிட்.

மலையகத்தில் இந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது பல்பு இல்லை, டிவியும் இல்லை. சுடுதண்ணீர். நுவரெலியாக் குளிரில் 15 பாகையில் இருக்கும் ஒரு வாளித் தண்ணீரை, 20 லீட்டர் என்று வைப்போம், 40 பாகைக்குக் கொண்டுவர 0.58 யூனிட் வேண்டும். நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 70 யூனிட். கோடு அதிலேயே போய்விட்டது. கொழும்பில் அதே வருமானமுள்ள வீட்டுக்கு இந்தச் செலவே கிடையாது. குளிக்கிற தண்ணீரை விறகடுப்பில் வைப்பதும், கேத்தலில் ஒரு தடவை கொதித்ததை பிளாஸ்கில் ஊற்றிவைப்பதும்தான் இங்கே உண்மையான மிச்சம். ஒரு லீட்டர் கொதிக்கக் கிட்டத்தட்ட 0.1 யூனிட், தினம் 10 லீட்டர் என்றால் மாதம் 30 யூனிட்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்ற எண் அச்சிட்டிருக்கும். அது 1600 என்றால், ஒரு நிமிடத்தில் எண்ணிய மினுக்கத்தை 37.5ஆல் பெருக்குங்கள், வாட் வந்துவிடும். எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பிறகும் புள்ளி மினுங்கினால், கசிவோ வேறு யாருடைய வயரோ அந்த மீட்டரில் தொங்குகிறது.

கூரையில் சோலார் போடச் சொல்கிறார்கள். பில்லைக் குறைக்க மட்டும் என்றால் 60 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அது கட்டாது: மிச்சமாவது மானிய விலை யூனிட், அதை வைத்துப் போட்ட பணத்தை எடுப்பது கஷ்டம். கூடிய விலையில் நிறைய எரிக்கும் வீட்டுக்குத்தான் அந்த வகையில் லாபம் அதிகம்.

பெரிய அநியாயம் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், நடக்கிறது. மகன் கல்யாணம் செய்து பக்கத்தில் ஒரு காம்பரா (அறை) இறக்குவான். லைன் அப்பாவின் மீட்டரிலிருந்து போகும். ஆளுக்கு 40 யூனிட் எரிக்கும் இரண்டு குடும்பம் தனித்தனி மீட்டரில் இருந்தால், அந்தப் பழைய கட்டணத்தில் 183.50 வீதம் மொத்தம் 367. ஒரே மீட்டரில் 80 ஆனதும் 761. ஒற்றை ஆள் 55 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு மானியம் கிடைக்கிறது, ஒன்பது பேர் 80 யூனிட்டைப் பகிர்ந்தால் இல்லை. மானியத்தை மீட்டருக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். காம்பராவின் உரிமை குடும்பத்தின் பெயரில் இல்லாதவரை தனி இணைப்புக் கேட்பதே பெரும்பாடு. அதுவரை ஓடுகிற வயரையாவது கவனியுங்கள்: 2000 வாட் கேத்தல் 9 அம்பியர் அளவு இழுக்கும், மெல்லிய வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புத்தான் முதலில் சூடாகும்.

இத்தனைக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜிலும் லக்சபானாவிலும் மின்சாரமாவது இதே தோட்டங்களின் காலடியில்தான். பழைய லக்சபானா மின் நிலையம் 1950இலிருந்து ஓடுகிறது.

கட்டணத் திருத்தத்துக்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கும், எழுத்திலும் கொடுக்கலாம். விலையைக் குறையுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு மீட்டரில் எத்தனை குடும்பம், எத்தனை பேர், மாதம் எத்தனை யூனிட் என்று லயம் லயமாகக் கணக்கெடுத்து, 60 என்ற எல்லையைக் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கச் சொல்லிக் கேளுங்கள்.